கேஸ் கீசர்: பற்றவைக்கும் முன்னும் பின்னும்

கேஸ் கீசர் என்பது சுவரில் மாட்டிய ஓர் அடுப்பு. உள்ளே வரிசையாகப் பர்னர் பற்கள், அவற்றுக்கு மேல் செம்புக் குழாய் சுற்றிய ஒரு பெட்டி. குழாய்க்குள் ஓடும் தண்ணீர் போகிற போக்கிலேயே சூடாகி வெளியே வருகிறது. மின்சாரக் கீசரில் இருப்பதுபோல் வெந்நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி இதில் கிடையாது. தண்ணீரைத் திறந்தால் தீ பிடிக்கும், மூடினால் அணையும். மின் இணைப்பு தேவையில்லை, இரண்டு பெரிய டார்ச் பேட்டரி போதும். தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், குருடி மலைப் பக்கமாக இருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில் மார்கழியிலும் தையிலும் வெந்நீர் இல்லாமல் காலைக் குளியல் நடக்காது. பழைய ஓட்டு வீடுகளில் வெந்நீர் அடுப்போ செப்பு பாய்லரோ வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில்தான் இருந்தது. தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் எரிந்த புகை வானத்துக்குப் போகும். வெந்நீர் மட்டும் வாளியில் வீட்டுக்குள் வரும். 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸும், அதை ஒட்டி முளைத்த பட்டறைகளும், ஷிஃப்ட் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் ஊரை மாற்றின. லைன் வீடுகளும் மாடி வீடுகளும் எழுந்தன, பொடக்காளி சுருங்கியது, விறகு போய் கேஸ் வந்தது. கடைசியில் வெந்நீர் அடுப்பு குளியலறைக்குள்ளேயே ஏறிக்கொண்டது. கேஸ் கீசரால் நேரும் உயிரிழப்புகளுக்கு வேர் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. கருவியின் கோளாறு அதற்கு அடுத்தபடிதான்.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் சாதாரண வீட்டுக் கீசர் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் எரிக்கும். சமையலறை அடுப்பின் ஐந்து, ஆறு பெரிய பர்னர்களை முழுத் தீயில் ஒன்றாக எரிப்பதற்கு அது சமம். அந்த அளவு கேஸ் முழுமையாக எரிய மணிக்குச் சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். லைன் வீட்டில் குளியலறை நாலடிக்கு ஆறடி, உயரம் எட்டடி. அதற்குள் இருக்கும் மொத்தக் காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். கதவைச் சாத்தி, குளிருக்காக வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டால் அறைக் காற்றில் 21 விழுக்காடு இருந்த ஆக்சிஜன் நான்கு நிமிடத்துக்குள் 18 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தலைக்கு ஊற்றி சீயக்காய் தேய்த்து முடிக்கும் நேரம்கூட அல்ல அது.

ஆக்சிஜன் குறைந்தாலும் தீ உடனே அணைவதில்லை. அரைகுறையாக எரிந்துகொண்டிருக்கும். முழுமையாக எரிந்தால் வெளிவருவது கரியமில வாயுவும் நீராவியும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லாத, மணமில்லாத, கண்ணை எரிக்காத இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலியும் தலைசுற்றலும் குமட்டலும் வரும், இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகும். 12,800 பங்கு ஆகிவிட்டால் இரண்டு மூன்று மூச்சிலேயே நினைவு தப்பும். ஆபத்து தெரிகிற நேரத்தில் கை தாழ்ப்பாளுக்கு எழும்பாது என்பதுதான் இதன் கொடுமை. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் இளம் சகோதரிகள் இருவர் கேஸ் கீசர் இருந்த குளியலறையில் ஒன்றாக இறந்து கிடந்தது நாடெங்கும் செய்தியானது. இறந்துபோகாமல் வலிப்போடும் நினைவிழப்போடும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். இந்தப் பாதிப்புக்கு கேஸ் கீசரின் பெயரையே வைத்த கட்டுரைகளும் உண்டு.

கேஸ் ஒழுகினால் மூக்குக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. சமையல் கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது, ஒழுகினால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். எரியும்போது அந்தப் பொருளும் சேர்ந்தே எரிந்துபோகும். பிறகு வெளிவரும் விஷவாயுவில் எச்சரிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே கீசரைப் பற்றவைப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டிய முதல் விஷயம் அது மாட்டியிருக்கும் சுவர். குளியலறைக்கு வெளியே, காற்றாடும் பின்பக்கச் சந்திலோ துணி துவைக்கும் இடத்திலோ கீசர் இருக்கவேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரலாம். பிளம்பருக்கு இது அரை நாள் வேலை, சில அடி குழாய்ச் செலவு. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் அறைக் காற்றை எடுத்து எரியும் கருவியைக் குளியலறையில் பொருத்தவே தடை விதிக்கின்றன. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாக இழுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகைக் கருவிக்கு மட்டும் அங்கே அனுமதி. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகை அல்ல. வாங்கும்போது ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் முத்திரை பெற்ற கீசரையும் அடைத்த அறையில் மாட்டினால் மேலே சொன்ன கணக்கு மாறப்போவதில்லை.

அறைக்குள் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளவேண்டுமானால் அதே அளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். கதவின் அடியில் இடைவெளி இல்லை, வேறு திறப்பும் இல்லை என்றால், ஃபேன் கீசரின் புகைக் குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போகவேண்டிய புகை திரும்பி அறைக்குள் இறங்கும். மேலே ஒரு நிரந்தரத் திறப்பு, கீழே ஒரு நிரந்தரத் திறப்பு இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும். கீசர் வெளியே இருக்கும்போது இந்தக் கவலையே எழாது.

அடுத்தது சிலிண்டர். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஒழுகினால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மாடிப்படிக்கு அடியில் அடைத்த பெட்டிக்குள்ளோ, சாக்கடைக் குழியின் ஓரத்திலோ சிலிண்டரை வைக்கக்கூடாது. நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த சோதனைக்கு உரிய காலாண்டும் ஆண்டும் அவை. டி 27 என்றால் 2027 டிசம்பரோடு கெடு முடிகிறது. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பலாம்.

டியூப் விஷயத்தில்தான் நம் வீடுகளில் துணிச்சல் அதிகம். சமையலறை டியூபை நடுவில் வெட்டி ஒரு டீ இணைப்பைச் செருகி கீசருக்குக் கிளை பிரிப்பது, சுவரில் ஓட்டை போட்டு ரப்பர் டியூபை அப்படியே நுழைப்பது இரண்டுமே சர்வசாதாரணம். சுவருக்குள் போன பகுதியை எலி கடித்தாலும் தெரியாது, வெடித்தாலும் தெரியாது. சுவரைக் கடக்கவேண்டிய இடத்தில் செம்பு அல்லது இரும்புக் குழாய்தான் சரி. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி டியூபிலேயே அச்சாகியிருக்கும். இணைப்பெல்லாம் முடிந்ததும் ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்க்கவேண்டும். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை கேஸ் வேலைக்குக் கூப்பிடாமல் இருப்பதே உத்தமம்.

குழாய் வழி இயற்கை எரிவாயு வந்த வீடுகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோவை மாவட்டத்தில் அதை விநியோகிக்கும் உரிமை 2018ஆம் ஆண்டின் ஏலச் சுற்றில் இந்தியன் ஆயிலுக்குக் கிடைத்தது. அந்த வாயு மீத்தேன். அழுத்தமும் வேறு, எரிய வேண்டிய காற்றும் வேறு. சிலிண்டருக்கென்று செய்த கீசரை, பர்னருக்கு கேஸ் விடும் துளையான ஜெட்டை மாற்றாமல் அந்தக் குழாயில் இணைக்கக்கூடாது.

இனி முதல் முறை பற்றவைப்பது. தண்ணீர், பேட்டரி, கேஸ் என்பதுதான் வரிசை. கேஸ் மூடியிருக்கும்போதே தண்ணீரைத் திறந்து, குழாயில் தங்கிய காற்றும் புதுக் குழாயின் தூசியும் போகும்வரை ஓடவிடவேண்டும். நுழைவாயில் சல்லடையை ஒரு முறை கழற்றி அலசி மாட்டலாம். தண்ணீர் போகும் வாயும் வரும் வாயும் இடம் மாறியிருந்தால் கீசர் பற்றவே பற்றாது. மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரின் வேகமும் முக்கியம். ஓடும் தண்ணீர் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும், சவ்வு ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தும், அதற்குப் பிறகுதான் பொறி பறக்கும், கேஸ் வால்வு திறக்கும். மொட்டைமாடித் தொட்டி கீசரைவிட எட்டு ஒன்பது அடியாவது உயரத்தில் இல்லாவிட்டால் பல மாடல்களில் அந்தத் தள்ளுவிசை கிடைக்காது. எனவே பற்றாத கீசரெல்லாம் கெட்டுப்போன கீசர் அல்ல.

பேட்டரியைப் பிளஸ் மைனஸ் பார்த்துப் போட்டு, கேஸைத் திறந்து, தண்ணீரைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி கேட்கும். புது இணைப்பில் டியூபுக்குள் இருப்பது காற்று. அது வெளியேறி கேஸ் வந்து சேர இரண்டு மூன்று முறை தண்ணீரை மூடித் திறக்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடமாவது பொறுக்கவேண்டும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் சிலிண்டரை மூடிவிட்டு, இடத்தைக் காற்றாடவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம். விடாமல் முயன்றுகொண்டே இருந்தால் எரியாத கேஸ் பெட்டிக்குள் சேரும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. அடுத்த பொறியில் டப் என்ற சத்தத்தோடு பற்றி முகத்தில் அடிக்கும். எந்த முயற்சியிலும் முகத்தைப் பார்வைத் துளைக்கு நேரே வைக்காமல் ஓர் ஓரமாக நிற்பது நல்லது.

தீ பிடித்ததும் துளை வழியாகப் பார்க்கலாம். ஒரு முனையில் பிடித்த தீ ஒரு நொடிக்குள் மறுமுனை வரை ஓடி எல்லாப் பற்களும் எரியவேண்டும். நீலமாக, அசையாமல் நின்றால் சரி. நுனி மஞ்சளாகி நெளிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பர்னரில் தூசி அடைத்திருக்கும், அல்லது மேலே செம்புத் தகடுகளுக்கு இடையில் கரி சேர்ந்து புகை போக வழியில்லாமல் இருக்கும். மஞ்சள் தீயோடு ஓடும் கீசரைச் சரிசெய்யும்வரை பயன்படுத்தக்கூடாது, வாசலுக்கு வெளியே இருந்தாலும்.

இதற்கு அடுத்த சோதனையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. தீ நன்றாக எரியும்போது தண்ணீரை மூடவேண்டும். ஒன்றிரண்டு நொடியில் டக் என்ற சத்தத்தோடு தீ முழுதாக அணையவேண்டும். ஒரு பல்லில் சின்னச் சுடர் மிஞ்சினாலும் வால்வோ சவ்வின் ஊசியோ சிக்கியிருக்கிறது. ஓடாத தண்ணீர் செம்புக் குழாய்க்குள் கொதித்து ஆவியாகும், மூட்டு பிய்த்துக்கொள்ளும். மறுபடி தண்ணீரைத் திறந்து தீயைப் பிடிக்கவிட்டு, இந்த முறை சிலிண்டர் பக்கம் மூடிப் பார்க்கலாம். சுடர் போன சில நொடிகளில் உள்வால்வு தானாக மூடும் சத்தம் கேட்கவேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஸ் தீர்ந்து, சிலிண்டர் மாற்றியதும் எரியாத கேஸ் கொட்டாமல் காப்பது அந்த வால்வுதான்.

பிறகு ஓர் ஊதுவத்தி. கீசர் ஐந்து நிமிடம் எரிந்தபின், அதன் மேல்புறப் புகைவாயின் ஓரத்தில் ஊதுவத்தியைப் பிடித்தால் அதன் புகை உள்ளே இழுபட்டு மேலே போகவேண்டும். மாறாகப் புகை அறைப் பக்கம் தள்ளப்பட்டால் புகைக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது காற்று எதிர்த்து வீசுகிறது. வீட்டிலுள்ள எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டு மறுபடி ஒரு முறை பார்க்கவேண்டும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த புகைக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது கொங்குப் பக்கத்தில் அதிசயமல்ல. ஐப்பசியில் கீசரை மறுபடி எடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டிய இடம் அது.

சூட்டை ஷவரின் கீழ் நின்றுகொண்டு சோதிக்கக்கூடாது. குளிக்க 40 டிகிரி தாராளம். 60 டிகிரி தண்ணீர் ஐந்து நொடியில் தோலை வேகவைக்கும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். தண்ணீரை மூடி உடனே திறந்தால் குழாய்க்குள் தங்கியிருந்த முதல் அரைக் குவளை எதிர்பார்த்ததைவிடச் சூடாக வரும். வாளியில் பிடித்து, கையை விட்டுப் பார்த்து ஊற்றும் பழைய பழக்கத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

குளிர்காலத்தில் இன்னொரு சங்கடம் வரும். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கிறது. கீசர் இழுக்கும் வேகத்துக்கு அதிகாலைக் குளிரில், அதுவும் சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில், ஆவியாதல் ஈடுகொடுக்காது. சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துக் கொட்டும், தீ சிறுக்கும். இந்த நேரத்தில்தான் சிலிண்டரை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்குவதும் படுக்கப்போட்டு உருட்டுவதும் நடக்கிறது. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் இறங்கி, பர்னரில் பலமடங்கு பெருத்த தீயாக வெளிவரும். நாலு நாள் கேஸை மிச்சம் பிடிக்க இந்த விலை அதிகம். கணக்குக்குச் சொன்னால், பத்து நிமிடக் குளியல் ஒன்றுக்கு 150 கிராம் கேஸ் பிடிக்கும், 14.2 கிலோ சிலிண்டர் தொண்ணூறு குளியலுக்கு வரும்.

ஆண்டுக்கொரு சர்வீஸ் போதும், ஆனால் அது உண்மையான சர்வீஸாக இருக்கவேண்டும். பில்லூர், சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் ஓடும் வீட்டில் செம்புக் குழாய் பல ஆண்டு தாங்கும். போர்த் தண்ணீர் ஓடும் வீட்டில் உப்பு படிந்து குழாய் சுருங்கும். தண்ணீர் மெலிந்து, சூடு ஏறி, கொதிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். எலுமிச்சை உப்புக் கரைசலை ஓடவிட்டு மெக்கானிக் இதை இளக்குவார். ரப்பர் சவ்வு சில நூறு ரூபாய்க்குள் முடியும் பொருள். அதில் சிக்கனம் வேண்டாம். ஜெட்டை ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, காற்றுக்கும் கேஸுக்கும் உள்ள விகிதமே கெடும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் இப்போது கிடைக்கிறது. குளியலறையை ஒட்டிய அறையில், படுத்திருப்பவருக்கும் கேட்கும்படி மாட்டலாம். அதன் உணர்கருவிக்கும் காலக்கெடு உண்டு, பின்புறத் தேதியைப் பார்க்கவேண்டும்.

கேஸ் வாசனை அடித்தால் லைட் ஸ்விட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்கவேண்டும். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் தராவிட்டால் யோசிக்க நேரமில்லை. கதவை உடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளிக்காற்றுக்கு இழுத்துவரவேண்டும், பிறகு கேஸை மூடி 108. காப்பாற்றப் போய் உள்ளேயே நின்று விழுந்தவர்கள் உண்டு. மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டியது, குளியலறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் பிரித்தறியாது, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்தால் மருத்துவர் முழு ஆக்சிஜன் வைப்பார். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நான்கு ஐந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தேறி வீடு திரும்பியவருக்கும் சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் தலைகாட்டலாம். ஆகவே குறைந்தது ஒரு மாதமாவது நரம்பியல் மருத்துவரின் பார்வையில் இருக்கவேண்டும். அந்தக் கீசரும், ஏன் அப்படி எரிந்தது என்று தெரிந்து, இடமும் மாறும்வரை மூடியே இருக்கவேண்டும்.